மத்திய ஆசியாவின் எண்ணெய்: வாசல் யார் கையில்?

கடலோடி:
“மத்திய ஆசியாவில் ரஷ்யாவின் கதை முடிந்தது, இனிச் சீனா வைத்ததே சட்டம்” என்று பட்டுவழி எழுதியிருப்பதைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது. கஜகஸ்தான் ஏற்றுமதி செய்யும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குழாய் வழியாக ரஷ்ய மண்ணைக் கடந்து, கருங்கடலோரம் நோவோரோசிஸ்க் அருகேதான் கப்பலேறுகிறது. ஐரோப்பாவுக்கு எரிபொருள் தந்து உதவத் தயார் என்று கஜகஸ்தான் அதிபர் டோகாயேவ் சொன்ன மறுநாளே, 2022 ஜூலை 5 அன்று, அந்நகர நீதிமன்றம் குழாயை 30 நாள் நிறுத்தச் சொன்னது மறந்துவிட்டதா?

பட்டுவழி:
அந்த உத்தரவு ஒரே வாரத்தில் இரண்டு லட்சம் ரூபிள் அபராதமாகச் சுருங்கியதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? நான் பேசியது எரிவாயுவையும் சேர்த்துத்தான். துர்க்மெனிஸ்தானிலிருந்து சீனாவுக்குக் குழாய் 2009 டிசம்பரில் திறக்கப்பட்டது. 2016இல் ரஷ்யாவின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் துர்க்மென் எரிவாயு வாங்குவதையே நிறுத்தியபோது அந்நாட்டைத் தாங்கியது சீனச் சந்தைதான்.

கடலோடி:
கேட்டது நோவோரோசிஸ்கைப் பற்றி. எரிவாயுவுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டாம்.

மதிவாணி:
இருவரும் அமெரிக்காவை மறந்தே போனீர்கள். கஜகஸ்தானின் டெங்கிஸ் எண்ணெய் வயலில் செவ்ரானுக்கு 50 சதவீதமும் எக்ஸான்மொபிலுக்கு 25 சதவீதமும் இருக்கையில், இது ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் மட்டுமான போட்டி என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கடலோடி:
அம்மா, அந்த அமெரிக்க நிறுவனங்களின் எண்ணெயும் அதே நோவோரோசிஸ்க் வழியாகத்தானே கடலுக்குப் போகிறது! வயல் யாருடையதாக இருந்தாலும் வாசல் ரஷ்யாவிடம் இருக்கிறது. பட்டுவழிக்கு இது புரியாது. முன்பு இங்கே நடந்த ஆர்க்டிக் விவாதத்திலும் வரைபடத்தைப் பார்க்காமலேயே எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர்.

பட்டுவழி:
ஆர்க்டிக் விவாதத்தில் பதில் சொல்லாமல் எழுந்து போனவர் யார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கஜகஸ்தானின் அதாசுவிலிருந்து சீன எல்லையின் அலாஷான்கோவுக்கு 2006 முதல் எண்ணெய் ஓடுகிறதே, அது உங்கள் வரைபடத்தில் இல்லையா?

கடலோடி:
இருக்கிறது, ஆனால் நோவோரோசிஸ்க் வழியே போகும் அளவுக்கு முன் அது மிகச் சிறியது. 2022 ஜனவரியில் கஜகஸ்தானில் கலவரம் மூண்டபோது டோகாயேவ் அழைத்ததும் பெய்ஜிங்கை அல்ல, ரஷ்யா தலைமையிலான கூட்டுப் படையைத்தான்.

மதிவாணி:
அந்தப் படை அம்மாதமே திரும்பிவிட்டது. ஜூன் மாதம் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் பொருளாதார மாநாட்டு மேடையில், புதினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, உக்ரைனிலிருந்து பிரிந்த தனி நாடுகள் என்று ரஷ்யா ஏற்ற தோனெத்ஸ்கையும் லுகான்ஸ்கையும் அங்கீகரிக்க மாட்டோம் என்று சொன்னவரும் அதே டோகாயேவ்தான்.

கடலோடி:
சொன்னார். மூன்றே வாரத்தில் நோவோரோசிஸ்க் நீதிமன்றத்தின் உத்தரவு வந்தது.

பட்டுவழி:
மீண்டும் அதே உத்தரவா? அதனால் எண்ணெய் ஓட்டம் ஒரு நாளாவது நின்றதா? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

கடலோடி:
நிறுத்த முடியும் என்று காட்டினார்களே, அது போதும். முதலில் உங்கள் “கதை முடிந்தது” என்ற வரியைத் திரும்பப் பெறுங்கள்.

பட்டுவழி:
ஒரு சொல்லைக்கூடத் திரும்பப் பெற மாட்டேன்.