கற்றுக்கொடுத்த பையன் கிளம்பிவிட்டான்: இனி சான்றிதழை வாங்கி வைக்கலாமா?

கணபதிப் பட்டறை:
கோவை கணபதியில் நான்கு லேத் (கடைசல் இயந்திரம்) போட்டுச் சிறு பட்டறை நடத்துகிறேன். பம்புசெட் ஷாஃப்ட், புஷ் எல்லாம் ஜாப் ஆர்டரில் செய்கிறோம். ஐடிஐ முடித்து வந்த ஒரு பையனுக்கு டூல் பிட் தீட்டுவதிலிருந்து நான்கு தாடை சக்கில் சென்டர் பார்ப்பது வரை இரண்டு ஆண்டு பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன். அவன் கெடுத்த ஷாஃப்ட்டுகளுக்கு நான்தான் பணம் கட்டினேன். இப்போது மாதம் 3,000 ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று பெரிய கம்பெனிக்குப் போகிறான். இனி வருகிறவர்களிடம் அசல் சான்றிதழை வாங்கி வைக்கப்போகிறேன். இதில் என்ன தவறு?

பழைய டர்னர்:
தவறுதான், ஐயா. 22 ஆண்டு லேத்தில் நின்றவன் சொல்கிறேன். என் சான்றிதழும் ஒரு முதலாளியின் பீரோவில் 14 மாதம் கிடந்தது. அத்தனை நாளும் கை வேலை செய்தது, மனம் நாள் எண்ணிக்கொண்டிருந்தது. அது கைக்கு வந்த மறுநாளே நின்றுவிட்டேன். அது இருக்கட்டும், இந்த இரண்டு ஆண்டில் பையனின் சம்பளம் எவ்வளவு ஏறியது? அதை நீங்கள் எழுதவே இல்லை.

கணபதிப் பட்டறை:
ஆண்டுக்கு 1,000 ரூபாய். அதற்கு மேல் எங்கிருந்து கொடுப்பது? ஜாப் கொடுக்கும் கம்பெனி மூன்று ஆண்டாக ரேட்டை ஏற்றவில்லை. சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எனக்கு 100 நாள் ஆகிறது. வாய் திறந்தால் அடுத்த ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும்.

ஃபவுண்டரிக்காரர்:
சான்றிதழெல்லாம் எதற்கு? முன்பணம் கொடுங்கள். எங்கள் மோல்டர்களுக்கு நான் அப்படித்தான் செய்கிறேன். 50,000 வாங்கியவர் எங்கே போவார்?

ஐடிஐ பயிற்றுநர்:
கடனைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவதைக் குற்றமாக்கித்தான் 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. தெரிந்துதான் எழுதுகிறீர்களா?

ஃபவுண்டரிக்காரர்:
அநியாயமாகப் பேசாதீர்கள். மகள் கல்யாணத்துக்கு என்று வந்து நின்றவருக்குக் கொடுத்தேன், வட்டியில்லாமல். நான் யாரையும் பூட்டி வைக்கவில்லை.

ஐடிஐ பயிற்றுநர்:
கல்யாணத்துக்குக் கொடுத்தது உதவி. “எங்கே போவார்” என்று எழுதினீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

கணபதிக்காரருக்கு ஒன்று. என் மாணவர்கள் வேலைக்குப் போகுமுன் முதலில் கேட்பது பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டா என்றுதான். பெண் கொடுக்கிறவர்களும் அதையே கேட்கிறார்களாம். இ.எஸ்.ஐ.க்குப் பத்துப் பேர், பி.எஃப்.க்கு இருபது பேர் என்று சட்டம் வரம்பு வைத்திருப்பதால் நான்கு லேத் பட்டறை இரண்டிலும் வராது. ஆனால், முதலாளியும் பெரும்பாலான தொழிலாளர்களும் ஒப்புக்கொண்டால் சிறு பட்டறையும் பி.எஃப்.இல் விரும்பிச் சேரலாம்.

பழைய டர்னர்:
இது எனக்கே நடந்தது. என் மனைவியின் பிரசவம் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் கைக்காசு செலவில்லாமல் நடந்தது. அதன் பிறகு இன்னொரு கம்பெனி 2,000 ரூபாய் கூடத் தருகிறேன் என்றபோதும் நான் அசையவில்லை. உங்கள் பையன் 3,000 ரூபாய்க்காக மட்டும் போகிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டுப் பார்த்தீர்களா?

கணபதிப் பட்டறை:
கேட்கவில்லை. கோபத்தில் இருந்தேன். நாளை கேட்கிறேன். ஆனால், பி.எஃப்.இல் சேர்ந்தால் நான் என் பங்கைப் போடுவதோடு அவர்கள் சம்பளத்திலும் ஒரு பங்கு பிடிக்க வேண்டும். வாரச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் மற்ற மூவரும் பிடித்தம் வேண்டாம் என்றால்?

பழைய டர்னர்:
அடுத்த சம்பள உயர்வு தரும் வாரத்தில் தொடங்குங்கள். கையில் வாங்குவது குறையாவிட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். அந்தப் பையனிடம் நாளை காலையிலேயே பேசிவிடுங்கள், சாயங்காலம் வரை தள்ளாதீர்கள்.