11-ம் வகுப்பு டைம்டேபிள்: ஏபி கெமிஸ்ட்ரியும் ஆர்கெஸ்ட்ராவும் மோதுகிறது, எதை விடுவது?

பே ஏரியா அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். கலிஃபோர்னியா பப்ளிக் ஸ்கூல், ஒரு நாளைக்கு 6 பீரியட். மகள் ஆகஸ்ட்டில் 11-ம் வகுப்பு. கேட்டிருந்தது (ஏபி என்றால் கல்லூரித் தரத்துப் பாடம்): ஏபி இங்கிலீஷ் லாங்குவேஜ், ஏபி யுஎஸ் ஹிஸ்டரி, ஏபி கால்குலஸ் பிசி, ஸ்பானிஷ் 3, ஏபி கெமிஸ்ட்ரி, ஆர்கெஸ்ட்ரா. கெமிஸ்ட்ரியும் ஆர்கெஸ்ட்ராவும் 3-வது பீரியடில் மோதுகிறதாம். கெமிஸ்ட்ரியை எடுத்துவிட்டு 6-வது பீரியடில் ஏபி என்விரான்மென்டல் சயின்ஸ் போட்டுவிட்டார்கள். அவளுக்கு இன்ஜினியரிங் ஆசை, யுசிதான் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) முதல் குறி. ஆர்கெஸ்ட்ராவை விட்டுவிடச் சொல்லலாமா?

கட்டம்போடுபவர்:

எதை விடுவது என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் செக்‌ஷன் பட்டியல் வாங்குங்கள். ஒவ்வொரு பாடமும் எந்தெந்த பீரியடில் நடக்கிறது என்று கவுன்சலரிடம் எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். சில பள்ளிகளில் வெப்சைட்டிலேயே இருக்கும். வருடத்துக்கு ஒரே ஒரு செக்‌ஷன் ஓடுகிற பாடத்தை சிங்கிள்டன் என்பார்கள். ஆர்கெஸ்ட்ரா பெரும்பாலும் அப்படித்தான், அதன் பீரியட் அசையாது. ஏபி கெமிஸ்ட்ரிக்கும் ஒரே செக்‌ஷன்தானா, இல்லை இன்னொன்று இருந்தும் உங்கள் மகளுக்குப் பொருந்தவில்லையா? இரண்டையுமே ‘மோதல்’ என்றுதான் சொல்வார்கள். தீர்வு மட்டும் வேறு வேறு.

பே ஏரியா அம்மா:

கேட்டு வாங்கிவிட்டேன். ஆர்கெஸ்ட்ரா 3-வது பீரியடில் மட்டும். கெமிஸ்ட்ரி 3, 5. ஸ்பானிஷ் 3-க்கு 2, 5. கால்குலஸ் பிசி 2, 6. இங்கிலீஷ் 1, ஹிஸ்டரி 4. இப்போது அவளுக்குக் கால்குலஸ் 2, ஸ்பானிஷ் 5.

கட்டம்போடுபவர்:

அப்படியென்றால் எதையுமே விட வேண்டாம். கெமிஸ்ட்ரியைத் தடுப்பது ஆர்கெஸ்ட்ரா இல்லை, 5-ல் உட்கார்ந்திருக்கும் ஸ்பானிஷ்.

ஸ்பானிஷை 2-க்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே கால்குலஸ் இருக்கிறது. அதை 6-க்குத் தள்ளுங்கள். 6-ல் இருக்கும் என்விரான்மென்டல் சயின்ஸ் போய்விடும். 5 காலியாகிவிட்டது, கெமிஸ்ட்ரி அங்கே. கடைசியில் வருவது: 1 இங்கிலீஷ், 2 ஸ்பானிஷ், 3 ஆர்கெஸ்ட்ரா, 4 ஹிஸ்டரி, 5 கெமிஸ்ட்ரி, 6 கால்குலஸ்.

இதைக் கம்ப்யூட்டரே கண்டுபிடித்திருக்கும், மூன்றில் ஒன்று நிரம்பியிருக்காவிட்டால். எனவே கெமிஸ்ட்ரி 5, ஸ்பானிஷ் 2, கால்குலஸ் 6 மூன்றிலும் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு சீட்தான் தடையாக இருக்கும். ஜூன் கடைசியில் இல்லாத சீட் ஆகஸ்ட்டில் கிடைக்கும். கோடையில் வீடு மாறுகிறவர்கள், சம்மர் ஸ்கூலில் முடித்துவிடுகிறவர்கள் என்று பட்டியல் அசைந்துகொண்டே இருக்கும்.

மெயிலில் ‘டைம்டேபிளை மாற்றித் தாருங்கள்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கிற கவுன்சலர் உட்கார்ந்து கட்டம் போட மாட்டார். மூன்று நகர்வையும் பாடம், பழைய பீரியட், புதிய பீரியட் என்று மூன்றே வரியில் கொடுங்கள். ‘மூன்றும் சேர்ந்து நடந்தால் மட்டும் மாற்றவும், பாதியில் நிறுத்த வேண்டாம்’ என்ற வரி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் கால்குலஸை மட்டும் நகர்த்திவிட்டு, கெமிஸ்ட்ரி நிரம்பிவிட்டது என்று பதில் வரும். மெயில் மகள் பெயரில் போகட்டும், உங்களுக்கு நகல் போதும்.

வார இறுதித் தமிழ்ப்பள்ளி:

ஸ்பானிஷே தேவையா? சில பள்ளி மாவட்டங்களில் தமிழ்ப்பள்ளிப் படிப்புக்கே மொழி கிரெடிட் (மொழிப்பாடம் முடித்த கணக்கு) தருகிறார்களே. அதை வாங்கிவிட்டால் 5-வது பீரியட் தானாகக் காலியாகுமே.

கட்டம்போடுபவர்:

காலியாகும், உண்மை. ஆனால் மாவட்டம் கொடுக்கும் கிரெடிட் ஹைஸ்கூல் முடிக்க உதவுவது. அதை யுசி தன் மொழிக் கணக்கில் எடுக்குமா என்பது தனிக் கேள்வி, தனியாகத்தான் கேட்க வேண்டும். யுசிக்கு ஒரே மொழி 2 வருடம் கட்டாயம், 3 என்றால் நல்லது என்பார்கள். ஸ்பானிஷ் 1, 2 முடித்திருந்தால் கட்டாயம் தீர்ந்தது. 11-ல் ஒரு வருடம் விட்டு 12-ல் ஸ்பானிஷ் 3-க்குத் திரும்புவது மட்டும் வேண்டாம், வினைச்சொற்கள் எல்லாம் மறந்திருக்கும்.

கல்லூரிப்படி:

சீட் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பதற்கு என் பங்கு.

ஆர்கெஸ்ட்ராவை விடுவதால் யுசி நிபந்தனை எதுவும் உடையாது. கலைப் பிரிவில் அவர்கள் கேட்பது 1 வருடம்தான், இவளுக்கு 10-லேயே முடிந்திருக்கும். ஆனாலும் என்விரான்மென்டல் சயின்ஸுக்காக அதை விடுவது வீண். இன்ஜினியரிங்குக்கு அது கெமிஸ்ட்ரிக்கு ஈடும் ஆகாது.

கெமிஸ்ட்ரியைக் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) எடுக்கலாம். ஜெனரல் கெமிஸ்ட்ரி முதல் செமஸ்டர் பெரும்பாலும் 5 யூனிட், லேபோடு. கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு நிறைய கல்லூரிகள் தள்ளுபடி செய்துவிடுகின்றன. யுசி தன் கணக்கில் ஏற்கும் (டிரான்ஸ்ஃபரபிள்) பாடமாக இருந்தால் ஒரு செமஸ்டரே ஹைஸ்கூலின் ஒரு வருடமாகக் கணக்கு, ஏபி போலவே ஜிபிஏவில் (கிரேடுகளின் சராசரி) போனஸ் புள்ளியும் உண்டு.

சிக்கல்களும் உண்டு. ரெஜிஸ்டர் செய்யும் வரிசையில் ஹைஸ்கூல் பிள்ளைகள் கடைசி, லேப் சீட்டுகள் அதற்குள் தீர்ந்துவிடும். முன்தகுதியாக ஹைஸ்கூல் கெமிஸ்ட்ரி மார்க்கைக் காட்டச் சொன்னால் அதைச் சரிபார்க்கச் சில வாரம் ஆகும், எனவே அனுமதிப் படிவத்தை முன்னதாகவே முடித்துவையுங்கள். லேபும் லெக்சரும் சேர்த்து வாரத்துக்கு 9 மணி நேரம் போகலாம். அதையே 8 வார சம்மரில் சுருக்கினால் தினமும் அந்த வேலையாகவே இருக்கும். அங்கே வாங்கும் கிரேடு நிரந்தரமாகக் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேடு) நிற்கும், பின்னால் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பித்தால்கூட அதைக் காட்டியாக வேண்டும். இன்னொன்று: ஈக்விலிப்ரியம், எலக்ட்ரோகெமிஸ்ட்ரி எல்லாம் பெரும்பாலும் இரண்டாவது செமஸ்டரில்தான் வரும். முதல் செமஸ்டரை மட்டும் வைத்துக்கொண்டு மே மாத ஏபி தேர்வில் உட்கார்ந்தால் பாதி வினாத்தாள் புதிதாக இருக்கும்.

வகுப்பில் சேராமல் சொந்தமாகப் படித்து ஏபி தேர்வு மட்டும் எழுதுவதும் நடக்கும். நவம்பர் நடுவுக்குள் பள்ளி வழியாகப் பதிய வேண்டும். ஆனால் அந்த ஸ்கோர் ஜிபிஏவில் ஏறாது, லேப் பழக்கமும் வராது. கெமிஸ்ட்ரிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

12-ம் வகுப்பையும் இப்போதே பாருங்கள். ஆர்கெஸ்ட்ரா ஆசிரியர் மிடில் ஸ்கூலுக்கும் சேர்த்து எடுப்பவராக இருந்தால் அவர் பீரியட் வருடா வருடம் மாறாது. அடுத்த வருடம் ஏபி பிசிக்ஸ் சி எந்த பீரியடில் வரும் என்று பிப்ரவரி கோரிக்கைப் படிவத்துக்கு முன்னால் கேட்டுவையுங்கள்.

பே ஏரியா அம்மா:

மூன்று வரி மெயில் இன்றே போகிறது. பள்ளி திறந்த பிறகு மாற்ற எத்தனை நாள் விடுவார்கள்?

கட்டம்போடுபவர்:

பொதுவாக 2 அல்லது 3 வாரம், பள்ளிக்குப் பள்ளி மாறும். பாடம் சேர்க்கும் கெடு, விடும் கெடுவைவிட முன்னால் வந்துவிடும், எனவே இரண்டு தேதியையும் தனித்தனியாகக் கேளுங்கள். விடும் கெடு தாண்டியபின் விட்டால் அது டிரான்ஸ்கிரிப்டில் பதிவாகும். அதுவரை பழைய டைம்டேபிள்படி எல்லா வகுப்புக்கும் போகட்டும், ஆப்சென்ட் விழுந்தால் அதைச் சரிசெய்வது தனி வேலை.