புதுப்பிப்பு: ஆல்பத்தில் ஒட்டிப்போன படங்கள் பிரிந்துவிட்டன
பண்டிகைக்குக் குடும்பம் கூடும்போது சுவரில் மாட்டுவதற்காக, பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிப்போன அம்மாவின் பழைய படங்களைக் கிழியாமல் எடுப்பது எப்படி என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பலித்தது, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்தான். மெழுகு பூசாத நூலை மூலையில் நுழைத்து, படத்தை வளைக்காமல், ரம்பம் இழுப்பதுபோல் மெல்ல நகர்த்தினேன். பிடிவாதமாக நின்ற இரண்டுக்கு மட்டும் தாளின் பின்புறம் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் சில நொடிகள் காட்டினேன். ஒன்றே ஒன்று ஓரம் கிழிந்தது. பொறுமையிழந்து விரலால் இழுத்த படம் அது. தொடங்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள், வரிசை மறக்காது.

எதிர்பாராதது ஒன்று: ஒரு படத்தின் பின்னால் அம்மாவின் கையெழுத்து, மங்கிய நீல மையில், "முதல் பல் விழுந்த நாள்". அதைச் சுவரில் மாட்டவில்லை. அம்மாவின் கையிலேயே கொடுக்கப்போகிறேன்.