ராம்பில் ஏத்தும்போது டிராக்டர் முன்சக்கரம் மிதக்குது

வயக்கரை: டிராக்டர் 2 டன், பின்னால மண்ணைக் கிளறுற ரொட்டவேட்டர் 400 கிலோ. பிக்கப்பில் கோர்த்த இரட்டை ஆக்சில் டிரெய்லர், தட்டு உயரம் 80 செ.மீ., இரும்பு ராம்ப் 2.5 மீட்டர். தக்கலையில இருந்து குலசேகரம் போகணும். பாதி ஏறும்போதே முன்சக்கரம் மிதக்குது, பிக்கப்போட பின்பக்கமும் எழும்புது. ராம்பை நீளமாக்கினா போதுமா?

செம்மண்: ரெண்டும் வேற வேற கோளாறு. உங்க ராம்ப் சரிவு ஏறக்குறைய 19 டிகிரி, ரொம்பச் செங்குத்து. வரப்பு மாதிரி 30 செ.மீ. உறுதியான மேடு கிடைச்சா டிரெய்லர் வாலை அதுக்கு நேரா விட்டு, ராம்ப் அடியை மேட்டுல வைங்க. அதே ராம்ப் 12 டிகிரிக்கு இறங்கிடும். முதல்ல ரொட்டவேட்டரைக் கழற்றுங்க, முன்பக்கத்தைத் தூக்குறதுல அதுக்கும் பங்கு உண்டு. அப்புறம் ரிவர்ஸ்லயே ஏத்துங்க. கனமான பின்சக்கரம் மேல் பக்கம் போறதால மல்லாக்கப் புரளாது. இறக்கும்போது முன்னோக்கி, லோ கியர்ல.

ஆக்சில்: பிக்கப் எழும்புறதுக்குக் காரணம், டிரெய்லர் ஆக்சிலுக்குப் பின்னால விழுற பாரம் அதோட கழுத்தை, அதாவது பிக்கப்பில் கோர்க்கிற முனையை, தூக்குறதுதான். பிக்கப் பின்சக்கரத்துக்குப் பிடி போனா ஹேண்ட் பிரேக் இருந்தும் மொத்த வண்டியும் நகரும். டிரெய்லர் வாலுக்கடியில ரெண்டு பக்கமும் திருகு ஜாக்கி, அதுக்கடியில பலகை. வெறும் ஸ்டாண்டு வச்சா ஸ்பிரிங் அமுங்கினப்புறம் உருவ முடியாது. ராம்பைச் சங்கிலியால தட்டோட கட்டாம ஏத்தவே கூடாது. டயர் மேலே ஏற ஏற ராம்பைப் பின்னாடி உதைக்கும்.

வயக்கரை: ராம்புக்குப் பதிலா நீளமான ரப்பர் மரப் பலகை போடலாமா அண்ணே?

ஆக்சில்: வேண்டவே வேண்டாம். பதப்படுத்தாத ரப்பர் மரத்தை வண்டும் பூஞ்சையும் உள்ளுக்குள்ளேயே தின்னுடும், வெளியே தெரியாது.

செம்மண்: விட்டுப்போச்சு: ரெண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டுச் சேருங்க. ஒண்ணு மட்டும் மிதிபட்டா டிராக்டர் திரும்பி ராம்பை விட்டு விழும். நடுவில் கிளட்ச் மிதிக்கவோ கியர் மாத்தவோ கூடாது. மழைநாள்னா டயர் பட்டைக்குள்ள இருக்கிற சேத்தைச் சுரண்டிட்டு ஏத்துங்க.

ஆக்சில்: ஏறினப்புறம் பாரம் ஆக்சில்களுக்குக் கொஞ்சம் முன்னால நிக்கணும். டிரெய்லரும் சேர்த்து 2.7 டன்னா கழுத்துல 270 முதல் 400 கிலோ. குறைஞ்சா வால் ஆடும், கூடினா பிக்கப் முன்சக்கரம் லேசாகும். ரொட்டவேட்டரைப் பிக்கப் தொட்டியில வச்சா அந்த 400-ம் பிக்கப் பாரத்துல சேரும். நாலு மூலையிலும் சங்கிலி, டயரில் இல்லாம டிராக்டர் ஆக்சில்ல. திருவட்டார் வந்ததும் நிறுத்தி ஒருதடவை இறுக்கிப் பாருங்க.