விடை சரி, மார்க் மட்டும் 8-க்கு 4: எம்ஒய்பி படிப்பை நம்பலாமா?

வேளச்சேரி அப்பா:
மகள் எட்டாம் வகுப்பு. சென்னை ஓஎம்ஆர் சாலைப் பக்கம் ஒரு ஐபி (சர்வதேசப் பாடத்திட்ட) ஸ்கூல். அதில் ஆறாவதிலிருந்து பத்தாவது வரைக்குமான எம்ஒய்பி பாடத்திட்டம். போன வாரம் கணக்கில் தீக்குச்சிக் கேள்வி. ஒரு சதுரத்துக்கு 4 குச்சி, ரெண்டு சதுரம் ஒட்டினால் 7, மூணுக்கு 10. விதி என்ன? "சதுர எண்ணிக்கையை மூணால் பெருக்கி ஒண்ணு கூட்டு" என்று எழுதியிருக்கிறாள். சரியான விடை. மார்க் 8-க்கு 4! லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டி இதுவா? ஒன்பதாவதில் சிபிஎஸ்இ மாற்றலாம் என்று டியூஷன் சென்டருக்குக் கூட்டிப் போனேன். அங்கே வைத்த டெஸ்டில் பாதித் தாளைக்கூட முடிக்கவில்லை. வீடு வரும்வரை பேசவேயில்லை.

கணக்கு டீச்சர்:
சார், நானும் ஒரு எம்ஒய்பி ஸ்கூலில்தான் கணக்கு எடுக்கிறேன் (உங்க மகள் ஸ்கூல் இல்லை, பயப்படாதீங்க). கணக்குக்கு நாலு கிரைட்டீரியன், அதாவது மார்க் போடும் அளவுகோல். ஏ பாட அறிவு, பி ஒழுங்கைக் கண்டுபிடிப்பது, சி விளக்கி எழுதுவது, டி நிஜ வாழ்க்கையில் போட்டுப் பார்ப்பது. தலா 8 மார்க், மொத்தம் 32. அதில் 28 தொட்டால் கிரேடு 7, அதுதான் உச்சம். உங்க மகள் எழுதினது பி. விதியைச் சொன்னதோடு நிறுத்திட்டா. நாலாவது சதுரம் அடுக்கி 13 வருதா என்று பார்த்திருக்கணும். ஏன் மூணு? புதுச் சதுரம் பக்கத்துச் சதுரத்தோட ஒரு குச்சியைக் கடன் வாங்கிக்குது, அதனால் புதுசா மூணு போதும். முதலில் தனியா நிற்கிற குச்சிதான் அந்தக் கூட்டல் ஒண்ணு. இதை ரெண்டு வரியில் எழுதியிருந்தால் மார்க் ஏறியிருக்கும்.

அடையாறு தாத்தா:
டீச்சரம்மா, நீட்டில் 180 நிமிஷத்தில் 180 கேள்வி. தப்பாகக் குறித்தால் ஒரு மார்க் பிடுங்கிக்கொள்கிறான். குச்சி ஏன் கடன் வாங்கியது என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை.

கணக்கு டீச்சர்:
எட்டாவது பிள்ளைக்கு நீட்டா ஐயா? பதினொண்ணு, பன்னிரண்டு பாடம் அது. சிபிஎஸ்இயே ஒன்பது, பத்துக்கு கேள்வித்தாளில் பாதியைத் திறன் சார்ந்த கேள்விகள் என்று மாத்திடுச்சு. வெறும் மனப்பாடம் அங்கேயும் இனிமேல் ஓடாது.

கேம்பிரிட்ஜ் அம்மா:
மனப்பாடத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் எம்ஒய்பியில் ஸ்கூல் டீச்சரே கேள்வி கேட்கிறார், அவரே மார்க் போடுகிறார். ஐந்தாம் வருஷம்தான் இ-அசெஸ்மென்ட் என்ற வெளித் தேர்வு, அதுவும் ஸ்கூல் விரும்பினால். என் பையன் ஒன்பதாவதில் செக்பாயின்ட் எழுதினான், அது கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் வெளியே திருத்தும் தேர்வு. கணக்கில் ரெண்டு தாள், தலா ஒரு மணி நேரம், 50 மார்க். முதல் தாளில் கால்குலேட்டர் தொடக்கூடாது. திருத்துகிறவருக்கு இவன் யார் என்றே தெரியாது. ஸ்கூல் ரிப்போர்ட்டில் எப்போதும் "வெரி குட்". செக்பாயின்ட் வந்த பிறகுதான் பின்னத்தில் அவன் எவ்வளவு ஆட்டம் காண்கிறான் என்று எங்களுக்கே தெரிந்தது. பாஸ், ஃபெயில் கிடையாது, யாரும் அழவும் இல்லை.

கணக்கு டீச்சர்:
அது நியாயம். ஒத்துக்கிறேன். நேரம் வைத்து எழுதும் பழக்கம் எங்க பிள்ளைகளுக்குக் குறைவுதான். நானே மாசம் ஒரு தடவை கடிகாரத்தை மேஜையில் வைத்துத் தாள் கொடுக்கிறேன். அதுக்கே சில பேரண்ட்ஸ் "ஸ்ட்ரெஸ்" என்று மெயில் போடுறாங்க!

வேளச்சேரி அப்பா:
எனக்கு அவகாசம் இல்லை டீச்சர். சிபிஎஸ்இயில் ஒன்பதும் பத்தும் சேர்ந்த ரெண்டு வருஷப் படிப்பு, ஒன்பதிலேயே பெயரைப் பதியணும். இப்ப விட்டால் பத்தாவதில் நேராகச் சேர்ப்பது பெரும்பாடு.

அடையாறு தாத்தா:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஜூனிலேயே மாற்றுங்க.

கணக்கு டீச்சர்:
மாத்துறதுன்னா மாத்துங்க சார். ஆனா அந்த டியூஷன் டெஸ்டை வைத்து முடிவு எடுக்காதீங்க. அவள் படிக்காத பாடத்தைக் கேட்டிருப்பாங்க. இன்னிக்கு ராத்திரி குச்சியை முக்கோணமா அடுக்கச் சொல்லிப் பாருங்க.

வேளச்சேரி அப்பா:
அடுக்கினாள். 3, 5, 7. "ரெண்டால் பெருக்கி ஒண்ணு கூட்டணும்பா" என்றாள். அந்த ஒண்ணு எங்கேடி என்றேன். இடது ஓரக் குச்சியை எடுத்து என் கையில் கொடுத்தாள். பன்னிரண்டு நிமிஷம் ஆனது.

அடையாறு தாத்தா:
பன்னிரண்டு நிமிஷமா? நீட்டில் பன்னிரண்டு கேள்வி போச்சு.