குரல் போன நான்கு மாதங்கள்

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. 1, 2, 3 வகுப்புகள் ஒரே அறையில் என்னிடம். 4, 5 தலைமை ஆசிரியரிடம். மொத்தம் 41 பிள்ளைகள். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. அதன்படி குறை இல்லை. ஆனால் ஒருவர் பயிற்சிக்குப் போனால் அன்று ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில்.

போன ஆடியில் தொண்டை கட்டியது. சளி என்று நினைத்து மூன்று வாரம் சுக்குக் கஷாயம் குடித்தேன். கேட்கவில்லை. தொண்டை டாக்டர் கேமரா விட்டுப் பார்த்து, குரல்நாண்களில் முடிச்சு விழுந்திருக்கிறது, சத்தமாகவே பேசிப் பேசி வந்தது என்றார். அப்புறம், "ஸ்கூல்ல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்டார். வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பும் வரை குடிப்பதில்லை. பள்ளிக் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. பதினோரு வருடப் பழக்கம் இது.

2022-ல் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசின் அடிப்படைக் கல்வித் திட்டம் வந்ததிலிருந்து எங்கள் வகுப்பில் பாட்டு, கதை, பிள்ளைகளின் கற்றல் நிலைப்படி பிரித்த அரும்பு, மொட்டு, மலர் என ஒவ்வொரு குழுவோடும் பேச்சு, எல்லாமே வாயால்தான். குரல் போனதும் பலகையில் எழுதிப்போட்டு, பார்த்து எழுதச் சொல்லிச் சைகை காட்டினேன். வகுப்பு அமைதியாக இருந்தது. பார்வையிட வந்தவர் பாராட்டிவிட்டுக்கூடப் போனார். ஆனால் ல, ள, ழ எல்லாம் டீச்சரின் நாக்கு எங்கே மடங்குகிறது என்று பார்த்துத்தானே பிள்ளைக்கு வரும்? அரும்பில் ஒரு பையன் 'பள்ளி'யை மாதக்கணக்கில் 'பல்லி' என்றே எழுதினான். நான் சொல்லிக் காட்டாத எழுத்து அது. பேச முடியாத எரிச்சலில் ஸ்கேலால் மேசையைத் தட்டுவேன். தட்டும்போதெல்லாம் ஒரு சின்னப் பெண் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அது இன்னும் மனதை அறுக்கிறது.

பேச்சுப் பயிற்சிக்குப் போனேன். கிசுகிசுவென்று பேசுவதும் கூடாதாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கூச்சத்தை விட்டுத் தாழ்ப்பாள் விஷயத்தைச் சொன்னேன். குழுத் தலைவி அந்த வாரமே ஆளைக் கூட்டிவந்து போட்டுவிட்டார். இப்போது மேசையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. இடுப்பில் கட்டும் சின்ன மைக் ஒன்றும் வாங்கியிருக்கிறேன்.

---

டீச்சர், நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். என்னிடம் வேலை பார்த்த இரண்டு டீச்சர்களுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். விடுப்புக் கடிதத்தில் 'காய்ச்சல்' என்று எழுதுவார்கள். நானும் கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஒரு நாளாவது காரணம் கேட்டிருக்க வேண்டும். வாக்காளர் பட்டியல் வேலை வரும் மாதங்களில் இன்னும் மோசம். மாலையெல்லாம் வீடு வீடாக அலைந்தவர் காலையில் நாற்காலியை விட்டு எழமாட்டார். அந்த நாட்களில் பிள்ளைகள் நோட்டில் வாய்ப்பாடு மட்டும்தான் இருக்கும்.

---

ரெண்டாம் வகுப்புப் பையனின் அம்மா நான். "மிஸ் இப்பல்லாம் கதையே சொல்றதில்லை" என்று சொன்னான். சண்டை போடலாம் என்றுதான் போனேன். மிஸ்ஸோட அம்மா ஆஸ்பத்திரியில். ராத்திரி முழுக்கத் துணைக்கு இருந்துவிட்டு நேராகப் பள்ளிக்கு வந்திருந்தார் மிஸ். கேட்க வந்ததைக் கேட்காமல், மறுநாள் டீ போட்டு எடுத்துப் போனேன்.

டீச்சர், அந்த மைக் ஒரு தடவை சார்ஜ் போட்டால் சாயங்காலம் வரை நிற்குமா? எங்கள் மிஸ்ஸுக்கு வாங்கலாம் என்று நாலு அம்மாக்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்.