ஆலன் பெட்டர்சன் சிம்பொனிகள்: எங்கே நுழைவது, எங்கே சறுக்கும்

ஸ்வீடிஷ் இசையமைப்பாளர் பெட்டர்சனை முதலில் கேட்பவர்களுக்கு 7ஆம் சிம்பொனியைத்தான் சொல்வேன். 1966–67இல் எழுதியது. 1968 அக்டோபரில் நடத்துநர் அன்டால் டொராட்டி, ஸ்டாக்ஹோம் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு அரங்கேற்றினார். அப்போது பெட்டர்சனுக்கு வயது 57. பெயர் வெளியே தெரியத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். டொராட்டி பதிவு 40 நிமிடத்தை ஒட்டி முடியும். பிஐஎஸ் என்ற இசைப்பதிவு நிறுவனம் வெளியிட்ட, லெய்ஃப் செகர்ஸ்டாம் நடத்திய பதிவு இன்னும் நிதானம்.

முக்கால் மணி நேரமும் ஒரே பகுதி, நடுவில் நிறுத்தமே கிடையாது. பழகிய சிம்பொனி மாதிரி முதல் மெட்டு, இரண்டாம் மெட்டு என்று தேடினால் பத்து நிமிடத்தில் வழி தவறிவிடும். அதற்குப் பதில் அடியில் ஓடும் சின்னச் சின்ன ஸ்வரத் துணுக்குகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கனத்த பித்தளை வாத்தியங்கள் பி மைனர் என்ற சோகச் சாயல் ஸ்வர அமைப்பையே திரும்பத் திரும்ப இடித்துக்கொண்டிருக்கும். மேலே என்ன நடந்தாலும் அந்த அடித்தளம் எப்போது நகர்கிறது என்று பாருங்கள். வடிவம் அங்கேதான் இருக்கிறது. பாதியைத் தாண்டியபின் தந்தி வாத்தியங்கள் வெளிச்சச் சாயலான மேஜரில் ஒரு நீண்ட பாட்டைப் பாடும். நேரே அதற்குத் தாவுகிறவர்கள் பலர். முந்தைய அழுத்தம் இல்லாமல் கேட்டால் அது வெறும் இனிமையான மெட்டுதான்.

ஒலியளவு விஷயம்: தொடக்கம் மெல்லியது என்று கூட்டி வைத்தால் உச்சத்தில் காது வலிக்கும், பயந்து குறைப்போம், அடுத்த மென்மையான இடம் காணாமல் போகும். முதலில் ஓர் உச்சத்தைப் போட்டு அளவை வைத்துவிட்டு ஆரம்பத்துக்குப் போங்கள். போன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். அடி ஸ்தாயியில் ஒலிக்கும் டபுள் பாஸும் டியூபாவும் அதில் கேட்காது, அவை இல்லாவிட்டால் மிஞ்சுவது கூச்சல்தான்.

*

மேலே ஒலியளவு பற்றிச் சொன்னது சரி. கூடவே இதையும் பாருங்கள்: சில பதிவுகளில் முழு சிம்பொனியும் ஒரே டிராக், சிலவற்றில் ஒரே பகுதியைப் பல டிராக்குகளாக வெட்டியிருப்பார்கள். ஷஃபிள் (வரிசையைக் கலைப்பது), கிராஸ்ஃபேட் (ஒரு டிராக்கின் முடிவை அடுத்ததோடு கலப்பது) இரண்டையும் அணைக்காவிட்டால் ஒட்டுப்போட்ட துணிபோல் ஆகிவிடும்.

ஆனால் 7ஆம் சிம்பொனிக்கும் முன்னால் கேட்க வேண்டியது ‘வெறுங்கால் பாடல்கள்’. 1943–45இல் பெட்டர்சன் தன் கவிதைகளுக்குத் தானே இசையமைத்த 24 சிறு பாடல்கள். ஒரு குரல், ஒரு பியானோ, அவ்வளவுதான். இவை பின்னால் பெரிய படைப்புகளுக்குள் வந்து உட்காரும். 6ஆம் சிம்பொனியின் பிற்பாதி முழுக்க நீளும் புலம்பலில் ‘அவன் என் விளக்கை அணைப்பான்’ பாடல் இருக்கிறது. இரண்டாம் வயலின் கான்செர்ட்டோவில் (தனி வயலினும் இசைக்குழுவும் சேரும் படைப்பு) ‘ஆண்டவர் புல்வெளியில் நடக்கிறார்’ வரும். வயலின் கலைஞர் இடா ஹேண்டல் 1980இல் அந்தக் கான்செர்ட்டோவை அரங்கேற்றினார். பாட்டு முன்பே காதில் இருந்தால், அது வரும்போது தானே அடையாளம் தெரியும். தெரியாதவர்களுக்கு 6ஆம் சிம்பொனி ஒரு மணி நேரச் சுவர்.

7 பிடித்துப்போனால் அடுத்து 8. இரண்டு பகுதி என்பதால் மூச்சு விட இடம் உண்டு.

*

வாசிப்பவர்கள் பக்கமிருந்து ஒன்று. பெட்டர்சன் 1940களில் ஸ்டாக்ஹோம் இசைக்குழுவில் வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியம்) வாசித்தவர். தந்தி வாத்தியங்களால் எது முடியும் என்று அறிந்தே எழுதினார், இரக்கம் காட்டவில்லை. 9ஆம் சிம்பொனியில் (1970) வயலின்களுக்கு ஓய்வு மிகக் குறைவு, உச்ச ஸ்தாயியில் நீண்ட நேரம் நிற்க வேண்டும். கை தளர்ந்தால் முதலில் போவது சுருதி. கேட்பவருக்கு அது ‘இருண்ட இசை’ போலத் தோன்றும்; சில சமயம் காரணம் களைப்புதான்! நடத்துநர் ஆலன் பிரான்சிஸ் இதைச் சுமார் 70 நிமிடத்தில் முடிக்கிறார். 1971இல் அரங்கேற்றிய செர்ஜியு கொமிசியோனாவின் பதிவு 80ஐத் தாண்டும். முதல்முறை கேட்க பிரான்சிஸே மேல், ஓட்டம் அறாது. இவ்வளவுக்கும் பிறகு தேவாலயத்து ‘ஆமென்’ போல எஃப் மேஜரில் முடிகிறது. அதை வெற்றி என்று கொள்ள மாட்டேன், தாக்குதல் நின்றது என்பதே பொருத்தம்.

*

‘நோயாளியின் கதறல்’ என்றே ஆல்பம் அட்டைகளில் எழுதிவைக்கிறார்கள், அலுத்துவிட்டது. 1950களிலிருந்து அவரை முடக்கு வாதம் வாட்டியது உண்மை. சிறுநீரக நோயால் 1970–71இல் பல மாதங்கள் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் கிடந்ததும் உண்மை. 10, 11ஆம் சிம்பொனிகளை எழுதத் தொடங்கியது அங்கேதான். ஆனால் அதே மனிதர் பாரிசில் ஹோனெக்கர், ரெனே லைபோவிட்ஸ் என்ற இசையமைப்பாளர்களிடம் பயின்றவர். 10ஐக் கவனமாகக் கேளுங்கள்: கதறல் அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து வரிகளைத் துல்லியமாகப் பின்னும் கை. அரை மணிக்கும் குறைவு என்று இதிலிருந்து தொடங்கவும் வேண்டாம். நீளம் குறைந்ததே தவிர நெருக்கம் குறையவில்லை, இளைப்பாற ஓர் இடமும் இல்லை.

*

தொகுப்பு வாங்குகிறவர்களுக்கு: சிபிஓ என்ற இசைப்பதிவு நிறுவனத்தின் வரிசையில் இசைக்குழுக்களும் நடத்துநர்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள். பாதிக்கு மேல் பிரான்சிஸ், 7க்கு கெர்ட் அல்பிரெக்ட், 12க்கு மன்ஃபிரெட் ஹோனெக். பிஐஎஸ் வரிசையின் முதுகெலும்பு ஸ்வீடனின் நோர்ஷொப்பிங் நகர இசைக்குழு. நடத்துநர் முதலில் செகர்ஸ்டாம், பிறகு கிறிஸ்டியன் லிண்ட்பெர்க். 1ஆம் சிம்பொனியை பெட்டர்சன் முடிக்கவே இல்லை, லிண்ட்பெர்க் அதை வாசிக்கத் தக்கதாக ஒழுங்குபடுத்தினார். பழைய பட்டியல்கள் 2இல் தொடங்குவதற்குக் காரணம் அதுதான். 17உம் துண்டாகவே நிற்கிறது.

12 மட்டும் தனி ரகம். பாப்லோ நெருதாவின் கவிதைகளை ஸ்வீடிஷில் பாடும் கோரஸ் ஏறக்குறைய இடைவிடாமல் பாடிக்கொண்டிருக்கும். வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கேட்பது வீண். 16இல் ஆல்ட்டோ சாக்ஸபோன் தனித்து நிற்கிறது. ஒரே வாத்தியத்தைக் காதால் பின்தொடரலாம் என்பதால், 9இல் தோற்றவர்களுக்கு இது நல்ல மறுவழி. 13ஐக் கடைசிக்கு வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும், 7இல் வரும் அந்தப் பாட்டைப் போல நின்று கேட்க ஓர் இடம் அதில் கிடைப்பது அரிது.